தமிழ்க்குமரனின் ஓல்டான்

தமிழ்க்குமரன் பிறந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன. அதற்குள் அவன் செய்து முடித்த காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பதினோராம் மாதத்தில் நடந்தான். பன்னிரண்டாம் மாதத்தில் ஓடினான். நடப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒன்றரை வயதில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஃபேனை ஐந்தில் வைத்து, டீவி மேலிருந்த ரேஷன் கார்டைப் பறக்கவிட்டான். செருப்பைக் கால் மாற்றித்தான் போடுவான். யாராவது சரியாகப் போட்டுவிட்டால் உட்கார்ந்து கழற்றி, நிதானமாக மறுபடி மாற்றிப் போட்டுக்கொள்வான். சட்டையும் தானேதான். தலை போகவேண்டிய ஓட்டையில் ஒரு கை போயிருக்கும், மற்றக் கை எங்கே போனதென்று தெரியாது, அந்தக் கோலத்திலேயே மங்கலம் ரோடு வரைக்கும் ஊர்வலம் போய் வருவான். காலை இட்லியில் பாதி அவனுக்கு, பாதி பக்கத்து வீட்டு உஷாராணி அக்காவின் ஆட்டுக்கு. இரண்டு வாய்க்கும் ஒரே கை.

மேடையேறிப் பேசப்போகிற பிள்ளை என்று நினைத்து வைத்த பெயர்தான் தமிழ்க்குமரன். மேடையேறப்போகிறவன் இதுவரை சேர்த்து வைத்திருந்த சொற்கள் மொத்தம் மூன்று.

முதல் சொல் 'ம்மே'. அம்மாவுக்கும் அதுதான், ஆட்டுக்கும் அதுதான். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் சொல் 'நானு'. சோற்றைப் பிசைய, கதவைச் சாத்த, தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைத் தட்ட, சேவல் மேல் உட்கார, எல்லாவற்றுக்கும் 'நானு'.

மூன்றாம் சொல் 'ஓல்டான்'. இது தமிழே இல்லை என்று அவன் அம்மா அர்ச்சனாவுக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அப்பா பாக்யராஜ், வில்லியனூருக்கும் பாகூருக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸை நிறுத்த 'ஓல்டான்', கிளப்ப 'ரைட்'. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அதைக் கத்திவிட்டு வருகிறவன் வீட்டில் பிள்ளை வேறென்ன பேசும்? பையன் பஸ் விளையாட்டு விளையாடுகிறான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். அர்ச்சனாவும் அப்படித்தான். அவன் வாசலில் நின்று "ஓல்டான்!" என்று கத்தினால், அடுப்படியிலிருந்தே அவள் "ரைட், ரைட், போலாம்!" என்று பதில் கொடுப்பாள். பிள்ளையோடு விளையாடுகிற நல்ல அம்மா என்று தன்னைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமை.

அர்ச்சனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று வருடம் அவள் மூலக்குளத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கவுண்டரில் நின்றவள். டாக்டர் எழுத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மண்புழு மழையில் ஊர்ந்து போன தடம் மாதிரி ஒரு சீட்டு வரும். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். இவள் எட்டிப் பார்த்து, "அல்சருக்கு சார், காலைல வெறும் வயித்துல ஒண்ணு" என்று மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாள். பிள்ளை வயிற்றில் வந்ததும் நின்றவள். இப்போது கடைக்காரர் மறுபடி கூப்பிட்டிருந்தார்.

"ஒண்ணாந்தேதி, வெள்ளிக்கெழம, வந்துடும்மா. பத்து மணிலேர்ந்து நாலு மணி. அதுக்கு மேல தள்ள முடியாது, வேற பொண்ணு ஒண்ணு கேட்டுக்கினு இருக்குது" என்றார் போனில்.

போனை வைத்த கையோடு அர்ச்சனா பீரோவைத் திறந்து பழைய புடவைகளைக் கட்டில் மேல் பரப்பினாள். மூன்று வருடமாக ஆட்டிடமும் சேவலிடமும் பேசிப் பேசி அவளுக்கு நாக்கு துருப்பிடித்துப் போயிருந்தது. முன்பின் தெரியாத மனிதர்கள் இருமிக்கொண்டே வந்து நிற்கிற அந்தக் கவுண்டர், மருந்து வாசனை, மத்தியான நேரத்து டீ, எல்லாம் ஒரே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டன. புடவைகளுக்கு நடுவில் தமிழ்க்குமரனும் உருண்டான்.

ஒரே ஒரு கதவுதான் திறக்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாப்பிங்குக்கு நேர் எதிரே இருக்கிற பால்வாடிக் கதவு.

பால்வாடி டீச்சர் விஜயராணி நல்லவர். ஆனால் கறார். "மூணு வயசு ஆனாத்தாம்மா பேரு எழுதுவேன். உன் நெலம தெரியுது, அதனால சும்மா உக்கார வெச்சிக்கிறேன். ஆனா ஒரே ஒரு கண்டிசன். ஒண்ணுக்கு வந்தா அவனே வாயத் தொறந்து சொல்லணும். இருவத்திரண்டு புள்ளைங்க, ஒரு ஆயா. துணிய எடுத்துக்கினு ஒவ்வொண்ணு பின்னாலயும் ஓட முடியாது."

"சொல்லுவான் டீச்சர்."

"இப்ப சொல்றானா?"

அர்ச்சனா குனிந்து பார்த்தாள். தமிழ்க்குமரன் டீச்சரின் ஸ்கூட்டிச் சாவியைத் தன் மூக்கில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாரம் குடுங்க டீச்சர்."

அந்த ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "உச்சா சொல்லு. உச்...சா." அவன் அவள் உதடுகளை உற்றுப் பார்ப்பான். பிறகு இரண்டு விரலால் அவற்றைப் பிடித்து மூடிவிடுவான். அவள் செல்போனில் தேடினாள். அரை மணிக்கு ஒரு தரம் கூட்டிப் போய் உட்கார வைக்கச் சொல்லியிருந்தார்கள். உட்கார வைத்தாள். அவன் பக்கத்தில் இருந்த மக்கில் தண்ணீர் மொண்டு அவள் தலையில் ஊற்றினான். ஒரு சொட்டு வரவில்லை. திரும்பி வந்து ஹாலில் நின்று, "ஓல்டான்!" என்றான் கம்பீரமாக.

"ரைட், ரைட்!" என்றாள் அவள் அலுப்போடு.

ஹாலில் குளம்.

மருந்துக்கடைப் புத்தி சும்மா இருக்குமா? காலண்டரை எடுத்துக் குளம் கட்டின நாளையெல்லாம் வட்டம் போட்டாள். திங்கள் வட்டம். செவ்வாய் இல்லை. போன வாரத்தை நினைவுபடுத்திப் பின்னோக்கிப் போனால், சனி வட்டம், ஞாயிறு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எழுதிக் கொடுத்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு. இன்னும் உற்றுப் பார்த்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கண்டக்டர் வேலை ஒருநாள் டூட்டி, ஒருநாள் லீவு. வட்டம் இல்லாத நாளெல்லாம் பாக்யராஜ் வீட்டில் இருக்கிற நாள்.

செவ்வாய் இரவு சாப்பாட்டில் அதைக் கேட்டேவிட்டாள். "இன்னாங்க, உங்க கிட்ட மட்டும் இவன் எப்டி நனைக்காம இருக்கிறான்?"

பாக்யராஜ் அப்பளத்தை நொறுக்கினான். "என்கிட்ட சொல்றான்."

"எப்டி சொல்றான்?"

"வாயாலதான். வேற எதுல சொல்லுவாங்க?"

"என்கிட்ட ஏன் சொல்ல மாட்றான்?"

"உன்கிட்டயும்தான் சொல்றான். நீ காதுல வாங்குனாத்தானே? பெரிய டாக்டரு எழுத்தெல்லாம் படிக்கிற. சொந்தப் புள்ள சொல்றது வெளங்கல."

அவள் சாம்பார்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் கேலி பண்ணுகிறான் என்று அவள் நினைத்தாள். இவ்வளவு வெளிப்படையான விஷயத்தை இவள் ஏன் கேட்கிறாள் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் புதன்கிழமை. பாகூரில் இருக்கிற அக்காவிடம் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள் அர்ச்சனா. வேலைக்குப் போகிற ஜாக்கெட். அதை வாங்கி வரலாமென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்த பாக்யராஜின் பஸ்ஸிலேயே ஏறினாள். டிரைவர் அரிகரன் பையனைப் பார்த்ததும் ஒரு ஹாரன் அடித்து மரியாதை செய்தார். முன் சீட்டில் பூக்காரம்மா தனக்கொடி இருந்தாள். காலடியில் கூடை, கூடையில் ஈரத்துணி போட்ட மல்லி. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இன்னாடா கண்டக்டரு மவனே, டிக்கெட்டு எடுத்தியா?"

தமிழ்க்குமரன் அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஏறி நின்றான். இரண்டு பக்கமும் நெல். ஒரு கொக்கு. ஒரு டிராக்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தல். பஸ் முழுக்க அவனோடு சேர்ந்து கொஞ்ச நேரம் கொக்கு பார்த்தது.

பின்பக்கப் படியிலிருந்து பாக்யராஜ் குரல் கொடுத்தான். "ஏம்பலம்! ஏம்பலம் எறங்கறவங்க முன்னால வா!"

பையன் சட்டென்று திரும்பினான். கொக்கை மறந்தான். முகத்தில் அப்படியொரு பொறுப்பு வந்து உட்கார்ந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அப்பாவின் அதே இழுப்பில், அதே வெட்டில் கத்தினான்:

"ஓல்...டான்!"

பத்து வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன கால், அரிகரனுடையது. அது யோசிக்கவில்லை. பிரேக் விழுந்தது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் வரிசையாக ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பஸ் நட்ட நடு வயல்வெளியில், ஏம்பலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் நின்றது.

"யாருய்யா எறங்குறது?" என்றார் அரிகரன்.

"யாருப்பா ஓல்டான் குடுத்தது?" என்று பின்னாலிருந்து பாக்யராஜ்.

"உன் புள்ளதான்யா! உனக்கு லீவு குடுத்துட்டு அவன் டூட்டி பாக்குறான்!" என்றது ஒரு குரல். பஸ் சிரித்தது.

அர்ச்சனாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "சும்மா வெளயாடுறான், மன்னிச்சிக்குங்க" என்று நாலு திசைக்கும் சொன்னாள். பையன் அவள் சொல்வதைக் கவனிக்கவில்லை. சீட்டில் நின்றபடி ஜட்டியைத் தானே இடுப்பிலிருந்து இறக்க ஆரம்பித்திருந்தான். "நானு" என்றான், உதவிக்கு வந்த அவள் கையைத் தள்ளி. இறக்கி முடித்து, நிமிர்ந்து, அசையாமல் காத்திருந்தான்.

பாக்யராஜ் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தான், எதையும் பார்க்கவில்லை. இரண்டு விசில் அடித்தான். "ரைட்! போலாம் ரைட்!"

தமிழ்க்குமரன் சொன்ன சொல் தட்டாதவன். ரைட் கொடுத்த அந்த வினாடியே ஆரம்பித்தான். ஜன்னல் கம்பியில் பட்டு, சீட்டில் பட்டு, தனக்கொடியின் கூடையைச் சுற்றி ஒரு வளைவு வந்து, அர்ச்சனாவின் மடியில் முடிந்தது.

"அடப்பாவி, பூவுல போயிருந்தா நான் சாமிக்கு இன்னா பதில் சொல்றது!" என்று தனக்கொடி கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்கின வேகத்தில் அவளே சிரித்துவிட்டாள்.

பாக்யராஜ் முண்டியடித்து முன்னால் வந்தான். மகனைப் பார்த்தான், மடியைப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! நானே ரைட் குடுத்துட்டேனே!" பிறகு மனைவியிடம், "அவன் ஓல்டான் சொன்னான்ல? எறக்கிவுட வேண்டியதுதானே?"

"ஓல்டான் சொன்னா எதுக்கு எறக்கணும்?"

"ஒண்ணுக்கு வந்தா அவன் வேற இன்னாத்த சொல்லுவான்?"

அர்ச்சனாவுக்குக் காலண்டரில் போட்ட வட்டமெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து உருண்டன. ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் ஒரு 'ஓல்டான்'. ஒவ்வொரு 'ஓல்டானு'க்கும் பின்னால் அடுப்படியிலிருந்து அவளே கொடுத்த 'ரைட், ரைட்'. வீட்டில் கட்டின அத்தனை குளத்துக்கும் உத்தரவு போட்டது அவள்தான்.

ஈர மடியோடு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. ஏம்பலம் வந்தது, போனது, கரிக்கலாம்பாக்கம் வந்தது, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பாகூர் அக்கா ஜாக்கெட்டோடு ஒரு பழைய புடவையும் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலையில் பாக்யராஜ் அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினான். வேலியோரம் அவன் போன வருடம் நட்ட ஐந்து தென்னங்கன்றுகள் இருந்தன. தினமும் பார்க்கிற கன்றுகள்தான். அவற்றுக்குப் பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"இது வில்லினூரு. இது மங்கலம். இது ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், அது பாகூரு. ஒருநாளு ஹால்ல நின்னு அடிக்க ஆரம்பிச்சிட்டான். நான் 'ஓல்டான், ஓல்டான்'னு கத்திக்கினே தூக்கியாந்து இங்க நிறுத்துனேன். புடிச்சிப்போச்சி அவனுக்கு. அதுலேர்ந்து வந்துச்சின்னா ஓல்டான் சொல்லுவான். எந்த ஸ்டாப்பிங்குடான்னு கேப்பேன். கைய காட்டுவான். கொண்டாந்து வுட்டு ரைட் குடுத்தா வேல முடிஞ்சிது."

ஏம்பலம் மட்டும் மற்ற நாலையும்விட ஒரு முழம் உயரமாக, பச்சைப்பசேலென்று நின்றது. அந்த ஸ்டாப்பிங்கில்தான் கூட்டம் அதிகம் என்று சொல்லாமலே தெரிந்தது.

"இத ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லி இருக்கலாம்ல?"

"இதப் போயி சொல்லுவாங்களா? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சா ஏன் நான் ரைட் குடுக்கப் போறேன்?"

"நீ ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுன்னு நெனச்சேன்" என்றான் பாக்யராஜ். அவள் கீழே கிடந்த மட்டையைத் தேடுவதைப் பார்த்து இரண்டு எட்டு பின்வாங்கினான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஒண்ணாந்தேதி. ஒரு நாளில் புதுச் சொல் சொல்லித் தர முடியாது. பழைய சொல்லையே எடுத்துக்கொண்டு, அந்த வியாழன் காலையிலேயே இருவரும் பிள்ளையோடு பால்வாடிக்குப் போனார்கள்.

விஜயராணி டீச்சர் முழுக்கதையையும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "இது பால்வாடியா, பஸ் ஸ்டாண்டாம்மா? நாளைக்கி மேலேர்ந்து யாராச்சும் பாக்க வந்தா, புள்ள ஓல்டான்னு கத்துதேன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

உள்ளே சத்துமாவு உருட்டிக்கொண்டிருந்த ஆயா வேலம்மாள் அங்கிருந்தே சொன்னாள்: "டவுனு புள்ளைங்க வாஷ்ரூம்னு சொன்னா கேட்டுக்கிறோம்ல டீச்சரு? அது மட்டும் நம்ம பாஷையா? இன்னாவோ ஒண்ணு, வாயத் தொறந்து சொன்னா சரி."

டீச்சருக்குச் சிரிப்பு வந்ததை அவர் ரிஜிஸ்டரால் மறைத்துக்கொண்டார். "சரி. இன்னிக்கி மதியம் வரைக்கும் வுடுங்க. நீங்க ரெண்டு பேரும் உள்ள வரக்கூடாது. நனைக்காம இருந்தா நாளைக்கி நீ வேலைக்கிப் போ."

காலையில் நடந்த ஒரு விஷயத்தை அர்ச்சனா அப்போதுதான் கண்டுபிடித்தாள். அவள் யோசனையோடு பிள்ளைக்குப் பாலைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து அழைத்து வந்திருந்தாள். பாக்யராஜோ வரும் வழியில் ஒரு முழு இளநீரை அவனுக்குக் குடிக்கக் கொடுத்திருந்தான்.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"டெஸ்ட்டுன்னா ஃபுல் டேங்க் அடிச்சித்தான் ஓட்டிப் பாக்கணும்."

இருவரும் பால்வாடிக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, குழாயடிக்குப் பக்கத்தில் குந்தினார்கள். உள்ளே இருபத்திரண்டு குரலும் காக்காவைக் கூப்பிட்டுப் பாடின. தமிழ்க்குமரன் அழவில்லை. அவன் அழுவான், தான் ஓடிப்போய்த் தேற்றலாம் என்று ஒரு நினைப்பு அர்ச்சனாவுக்கு உள்ளுக்குள் இருந்தது. அது வீணாயிற்று. அவன் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் பந்தைப் பிடுங்கினான். அடுத்த ஐந்து நிமிடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தான். சத்துமாவு உருண்டையை "நானு" என்று வாங்கித் தானே தின்றான், மூக்கிலும் கொஞ்சம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். வெளியே அம்மா பல்லைக் கடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தான்.

பதினொன்றே கால் இருக்கும்.

"ஓல்...டான்!"

உள்ளே ஒரு நொடி காக்காப் பாட்டு நின்றது. சுவரோரம் ஓட்டை வழியாக அர்ச்சனா கண்ணை வைத்தாள். தமிழ்க்குமரன் எழுந்து, டீச்சரின் புடவைத் தலைப்பை ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி ஒருதரம் சொல்லிவிட்டு, தானாகவே நிலைப்படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தான். கழிவறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தில் நட்டு, சுற்றிலும் செங்கல் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடி அவன் கண்ணில் பட்டது. ஆக, அதுதான் ஸ்டாப்பிங். போய் நின்றான். ஜட்டியைத் தானே இறக்கினான். டீச்சரும் வேலம்மாளும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

அவன் காத்திருந்தான். ஒரு காலில் நின்றான். மறு காலுக்கு மாறினான். முட்டிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினான். முகம் சிவந்துகொண்டே வந்தது.

அர்ச்சனாவுக்கு உயிர் போயிற்று. "ஐயையோ! ரைட் குடுக்கணும்னு நான் டீச்சர்கிட்ட சொல்லவே இல்ல!"

"நான் குடுத்துடுறேன்" என்று பாக்யராஜ் வாயில் விரலை வைத்தான், விசிலுக்கு.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "குடுக்காதீங்க. நீங்க குடுத்தா, நாளைக்கி யாரு குடுப்பாங்க?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே தாங்கவில்லை. உள்ளே அவன் வாசலில் நின்ற இரண்டு பெரிய மனுஷிகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் சும்மா நின்றார்கள். சுற்றும் முற்றும் பார்த்தான். அப்பா இல்லை. அம்மா இல்லை. விசில் இல்லை. முழு இளநீரும் இரண்டு டம்ளர் தண்ணீரும் அவனுக்குள் வரிசையில் நின்றன.

இடுப்பில் ஒரு கையை ஊன்றினான். செடியைப் பார்த்தான். சின்னதாக, முதல்முறையாக, யாரும் சொல்லித் தராமல், தனக்குத் தானே சொன்னான்:

"ரைட்."

அது அவனுடைய நாலாம் சொல்.

"ஐயோ, கறிவேப்பில! சாம்பாருக்குக் கிள்ளணும்னு இருந்தேன்!" என்று வேலம்மாள் கத்தினாள்.

"இன்னிக்கி இல்லாமயே செய்யி ஆயா" என்றார் டீச்சர். அவரால் நிற்க முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவருக்கு வெளியே ஒரு கண்டக்டரும் ஒரு மருந்துக்கடைப் பெண்ணும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குழாயடிச் சேற்றில் குதித்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்த உஷாராணி அக்கா குடத்தோடு நின்று, "இன்னா, லாட்டரி வுழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"வுழல அக்கா, நின்னுச்சி!" என்றான் பாக்யராஜ்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அர்ச்சனா புது ஜாக்கெட், மஞ்சள் புடவை, தோளில் பையோடு பால்வாடி வாசலில் நின்றாள். சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிப்போக உஷாராணி அக்கா ஒத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தாமாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு, முற்றத்தில் இன்னொரு செங்கல் வட்டம் போட்டு, அதில் ஒரு வாழைக்கன்றை வைத்திருந்தார். கறிவேப்பிலையைக் காப்பாற்ற வேண்டுமே. உள்ளேயிருந்து ஏதோ ஒரு பெண் குழந்தையின் குரல் "ஓல்டான்!" என்று கீச்சிட்டது. அதன் பின்னாலேயே இன்னொரு குரல். "ஒட்டிக்கிச்சிம்மா, எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சி" என்று வேலம்மாள் வாழைக்கன்றுப் பக்கம் ஓடினாள்.

வில்லியனூர் போகிற பஸ் வந்து நின்றது. பாக்யராஜின் டூட்டி நாள். அர்ச்சனா மகனை இறக்கிவிட்டாள். அவன் செருப்பு வழக்கம்போல் கால் மாறியிருந்தது. குனிந்து சரிசெய்யப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். ஏறினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

பஸ் புறப்படவில்லை. பாக்யராஜ் பின்படியில் நின்று அவளைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். விசில் உதட்டில் இருந்தது. ஊதவில்லை.

"இன்னா பாக்யா, டைம் ஆவுது. ரைட் குடுப்பியா மாட்டியா?" என்றார் அரிகரன்.

பாக்யராஜ் தலையை மட்டும் ஆட்டினான். அர்ச்சனா ஒரு காலைப் படியிலிருந்து கீழே எடுத்து வைக்கப் போனாள். இன்னொரு முத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், ஒன்றே ஒன்று.

எதிரே வாசலில் நின்ற தமிழ்க்குமரன் இந்தத் தாமதத்தைச் சிறிது நேரம் பொறுத்துக்கொண்டான். அவன் பார்த்த பஸ்ஸெல்லாம் இவ்வளவு நேரம் நின்றதில்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றினான். மறு கையால் இரும்புக் கேட்டில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ரைட்!"

அரிகரனின் கால் யோசிக்கவில்லை. பஸ் கிளம்பியது. அர்ச்சனா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்குள் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தான், இடது செருப்பு வலது காலில், ஏதோ ஒரு பந்தைப் பார்த்து.

அவள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் கூடவே வந்தது. டிக்கெட் கட்டோடு பாக்யராஜ் வந்து நின்று தொண்டையைக் கனைத்தான்.

"எங்கம்மா போவணும்?"

"மூலக்குளம்."

"இது வில்லினூரு வரைக்கும்தான். அங்கேர்ந்து ஏத்திவுட ஆள் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றாள் அர்ச்சனா. பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "நானு போய்க்கிறேன்."